சூடான காற்று மேலே போகும் என்றால் ஏற்காடு ஏன் குளிர்கிறது?

மரவனேரி அப்பா | ஞாயிறு, இரவு 9.10

இன்று குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டு வந்தோம். கிளம்பும்போது சேலத்தில் 38 டிகிரி. பாதி மலை ஏறியதும் பஸ் ஜன்னல் வழியே வந்த காற்று ஜில்லென்று மாறியது. அப்போது எட்டாவது படிக்கிற மகள் கேட்டாள்: "டிவியில தினமும் வெப்பச்சலனம்னு சொல்றாங்க. சூடான காற்று லேசு, அதனால மேலே போகும்னு பாடத்துலயும் இருக்கு. அப்படின்னா சேலத்துச் சூடெல்லாம் மேலே ஏறி ஏற்காடுதானேப்பா கொதிக்கணும்?"

மலை உயரமாக இருப்பதால் குளிர்கிறது என்றேன். "நான் கேட்டதையே திருப்பிச் சொல்றீங்க" என்றாள். இறங்கும்போது இன்னொன்றும் கேட்டாள். குளிர்ந்த காற்று கனம் என்றால் ஏற்காட்டுக் காற்று முழுவதும் சரிந்து சேலத்தின் மேல் விழ வேண்டாமா? இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து கீழே வந்த பிறகும் என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவளுக்கு அப்படியே படித்துக் காட்டுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை | ஞாயிறு, இரவு 9.41

வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவுதான். வெயில் தரையைச் சுடவைக்கிறது, தரை தன்னைத் தொடுகிற காற்றைச் சுடவைக்கிறது. அதனால் அடுப்பு கீழே இருக்கிறது. முழு பதில் இல்லை, ஆனால் இங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

பௌதிக வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.26

முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பாப்பாவுக்கு முதலில் என் வாழ்த்து.

சைக்கிள் டியூப் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிடும்போது விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜில்லென்று இருக்கும். அடைபட்டிருந்த காற்று விரிகிறது. விரிவதற்கு அது வெளிக்காற்றைத் தள்ள வேண்டும், அந்த வேலைக்கான ஆற்றல் அதன் சொந்தச் சூட்டிலிருந்து போகிறது. பம்ப் அடிக்கும்போது குழாயின் அடி சுடுவது இதற்கு நேர்மாறு. அங்கே நாம் காற்றை நசுக்குகிறோம்.

இப்போது சேலத்துக் காற்றில் ஒரு கட்டியை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போக அழுத்தம் குறைவு. கட்டி ஏற ஏற விரிகிறது, விரிய விரியக் குளிர்கிறது. மேகம் ஆகாத வரை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி குறையும். ஆக, சேலத்தில் 38 டிகிரியாகப் புறப்பட்ட காற்று ஏற்காட்டு உயரத்தை எட்டும்போது 26 டிகிரி. வழியில் யாரும் அதைக் குளிரவைக்கவில்லை, விரிந்ததால் வந்த குளிர் அது. சூட்டை மூட்டையாகக் கட்டி மலைமேல் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை அங்கே நடப்பதில்லை.

இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஏற்காட்டின் 26 டிகிரிக் காற்றைக் கீழே இறக்கினால் அது நசுங்கிச் சூடாகிச் சேலம் வந்து சேரும்போது 38 டிகிரி ஆகிவிடும். இங்கே இருக்கிற காற்றைவிடக் கனமாக இல்லாதபோது அது எதற்கு விழ வேண்டும்?

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சேலத்தில் 38 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.09 கிலோ. ஏற்காட்டில் 26 டிகிரியில் சுமார் 0.99 கிலோ. குளிர்ந்த ஏற்காட்டுக் காற்றுதான் லேசு! அங்கே அழுத்தம் குறைவு அல்லவா. அதனால் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் அப்படியே வைத்து ஒப்பிடவே கூடாது. ஒரே உயரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டில் எது கனம், எது லேசு என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. "சூடான காற்று மேலே போகும்" என்று நாமே சொல்லிக் கொடுத்துவிட்டோம். சூட்டுக்கு மேலே போகிற ஆசை எதுவும் கிடையாது. பக்கத்தில் இருக்கிற கனமான காற்று கீழே விழுந்து, அடியில் புகுந்து, லேசானதை நெம்பித் தூக்குகிறது. பூமி இழுப்பது இரண்டையுமேதான், கனமானது ஜெயிக்கிறது. பாடம் நடத்திய காலத்தில் இறங்குகிறதிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும், ஏறுகிறதிலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

நாகலூர் தோட்டம் | திங்கள், காலை 6.35

வாத்தியார் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பகலில் ஏற்காட்டுக் காற்று விழுவதில்லை, சரி. ராத்திரியில் விழும். எங்கள் காப்பித் தோட்டத்தில் தினமும் பார்க்கிறோம். பொழுது சாய்ந்ததும் தரை சீக்கிரம் ஆறிவிடும், தரையை ஒட்டி ஓராள் உயரக் காற்றும் கூடவே ஆறும். பள்ளத்தாக்கின் நடுவே அதே உயரத்தில் நிற்கிற காற்று அந்த அளவுக்கு ஆறியிருக்காது. அதைவிட இது கனம். அப்புறம் சரிவில் தண்ணீர் ஓடுகிற மாதிரி மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். மார்கழி, தை மாதத்தில் விடிகாலையில் பள்ளத்தில் மட்டும் பனிமூட்டம் குளம் மாதிரி தேங்கி நிற்பது இதனால்தான். மேட்டில் நிற்கிறவனுக்குச் சட்டை போதும், பள்ளத்தில் இறங்கினால் ஸ்வெட்டர் வேண்டும்.

காப்பி காயப்போடுகிற சிமெண்ட் களத்தில் மத்தியானம் இதற்கு நேர்மாறு. களம் கொதிக்கும், சுற்றிலும் மர நிழல். திடீரென்று தொலியும் சருகும் ஒரு சுழலாக எழுந்து களத்தின் நடுவே ஆடிவிட்டு அடங்கும். நான் களத்தின் ஓரத்தில் நிற்கும்போது நிழல் பக்கத்திலிருந்து கணுக்காலில் குளிர்ந்த காற்று படும், அதற்குப் பிறகுதான் சுழல் எழும்பும். இத்தனை வருடம் அந்தக் கணுக்கால் காற்று ஏன் முதலில் வருகிறது என்று யோசித்ததே இல்லை. நேற்று சார் எழுதியதைப் படித்த பிறகு புரிந்தது.

அம்மாபேட்டை சமையல் | திங்கள், காலை 11.20

நான் அறிவியல் படித்தவள் இல்லை, ஆனால் இதை என் பாத்திரத்தில் பார்த்திருக்கிறேன். நம்மூர் ஜவ்வரிசியை எடுத்து, நடுவில் மட்டும் தீ படுகிற மாதிரி அடுப்பைச் சிறிதாக வைத்து, நிறையத் தண்ணீரில் வேகவிடுங்கள். முதலில் எல்லா ஜவ்வரிசியும் அடியில் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் நடுவில் இருப்பது மட்டும் ஒவ்வொன்றாக எழும்பும், மேலே வந்து ஓரத்துக்கு நகரும், பாத்திரச் சுவரை ஒட்டி இறங்கி மறுபடி நடுவுக்கு வரும். ராட்டினம் மாதிரி. கரண்டி போடவே வேண்டாம்.

ஆனால் வெந்து மாவு கரைந்து கெட்டியானதும் ராட்டினம் நின்றுவிடும். அந்த நேரம் கிளறாமல் விட்டால் அடிப்பிடிக்கும். மேலே தொட்டால் வெதுவெதுப்பு, அடியில் கருகல். தண்ணீராக இருந்தபோது தானாகக் கலந்தது கெட்டியானதும் ஏன் கலப்பதில்லை, சார்?

பௌதிக வாத்தியார் | திங்கள், மாலை 5.02

அம்மா, இந்த இழையிலேயே நல்ல சோதனை உங்களுடையதுதான். கெட்டியானால் பாகுநிலை கூடுகிறது. எடை வித்தியாசம் தள்ளுகிறது, பாகு பிடித்து நிறுத்துகிறது. அதற்குள் சூடு பக்கத்துக்கெல்லாம் கசிந்து வித்தியாசமே மங்கிவிடுகிறது. தள்ளுவது ஜெயித்தால் ராட்டினம், பிடிப்பது ஜெயித்தால் அடிப்பிடித்தல்.

சூரமங்கலம் மாடிவீடு | திங்கள், இரவு 8.15

இது தெரியாமல் நான் இரண்டு வருடம் கஷ்டப்பட்டேன். மாடியில் சோலார் ஹீட்டர் போட்டோம். போட வந்தவர்கள் மேலே இடம் போதாது என்று டேங்கைத் தரையிலும் பேனலை மேடையின் மேலும் வைத்துவிட்டுப் போனார்கள். பம்ப் கிடையாது. வெயில் கொளுத்தும், பேனல் குழாயைத் தொட்டால் சுடும், டேங்கில் மட்டும் பச்சைத் தண்ணீர். புகார் சொன்னால் வெயில் போதவில்லை என்றார்கள். சேலத்தில், சித்திரை மாதத்தில்!

கடைசியில் பக்கத்துத் தெரு பிளம்பர் அண்ணன் ஒரே பார்வையில் சொன்னார்: "டேங்க் பேனலுக்கு மேலே இருக்கணுங்க, கனத்த தண்ணி இறங்கினாத்தானே சுடுதண்ணி ஏறும்." டேங்குக்கு ஒரு ஸ்டாண்டு அடித்து மேலே ஏற்றினார். டேங்கின் அடியிலிருந்து பச்சைத் தண்ணீர் பேனலின் அடிக்கு இறங்கும், பேனலின் தலையிலிருந்து சுடுதண்ணீர் டேங்குக்கு ஏறும். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கும் சுடுதண்ணீர் வருகிறது.

பௌதிக வாத்தியார் | திங்கள், இரவு 9.30

அந்தப் பிளம்பருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரின் நிறை 995.7 கிராம், 60 டிகிரியில் 983.2 கிராம். வித்தியாசம் பன்னிரண்டரை கிராம்தான். ஒரு மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட்டால் ஒன்றேகால் சென்டிமீட்டர் தண்ணீர் தருகிற அழுத்தம். அவ்வளவு சின்னத் தள்ளல்தான் நாள் முழுக்க நூறு லிட்டரைச் சுற்றவைக்கிறது. டேங்க் கீழே இருந்தால் சுடுதண்ணீர் பேனலிலேயே மேலாக நிற்கும். லேசானது ஏற்கெனவே மேலே இருக்கிறது, கனமானது ஏற்கெனவே கீழே இருக்கிறது, யாருக்கும் நகரக் காரணமில்லை.

ஓமலூர் கிணறு | செவ்வாய், காலை 7.48

யாருக்கும் நகரக் காரணமில்லை என்பதைக் கிணற்றில் குதித்தவர்கள் உடம்பிலேயே உணர்ந்திருப்பார்கள். சித்திரை மத்தியானம் மேல் இரண்டடி வெதுவெதுப்பு, அதற்குக் கீழே கால் போனால் சுரீர் என்று குளிரும். வெயில் மேலேயே காய்ச்சுகிறது, லேசானது மேலேயே நிற்கிறது. மார்கழி விடியலில் குதித்தால் மேலும் கீழும் ஒரே குளிர்ச்சி. ராத்திரியில் மேல் தண்ணீர் ஆறிக் கனத்து இறங்கி இறங்கி முழுக் கிணற்றையும் கலக்கிவிடுகிறது. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம், அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி லேசாகும் என்பார்கள். பனி உறைகிற நாட்டு ஏரிகளுக்கு அது பெரிய விஷயம், நம்மூர்க் கிணறு அந்தக் குளிரைப் பார்ப்பதே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை | செவ்வாய், காலை 10.05

எனக்கு ஒரு மறுப்பு. மழை வருவதற்கு முன் புழுக்கத்தில் காற்று அப்படியே கனத்துப்போய் அழுத்தும். ஈரம் சேர்ந்தால் எடை கூடத்தானே செய்யும்? அந்தக் கனத்த காற்று எப்படி மேலே போய் மேகம் ஆகிறது?

பௌதிக வாத்தியார் | செவ்வாய், மாலை 6.40

தம்பி, ஈரத் துணி கனமாக இருப்பதால் ஈரக் காற்றும் கனம் என்றே எல்லோரும் நினைக்கிறோம். துணியில் தண்ணீர் கூடுதலாகச் சேர்கிறது. காற்றிலோ நீராவி வேறொன்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம், ஒரே கொள்ளளவு என்றால் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் ஒன்றுதான். நைட்ரஜன் மூலக்கூறின் எடை 28, ஆக்சிஜனுக்கு 32, நீருக்கு 18. கனமானவர் எழுந்து போய் லேசானவர் உட்கார்ந்தால் மொத்தம் குறையும். ஈரக் காற்று லேசுதான். நமக்குக் கனமாகத் தோன்றுவது வியர்வை உலராததால்.

அடுத்து நடப்பது அதைவிட முக்கியம். ஏறுகிற ஈரக் காற்று குளிர்ந்து நீராவி துளியாகும்போது, ஆவியாகப் போனபோது வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு கிராம் நீராவி துளியானால் சுமார் 2,500 ஜூல். ஒரு கிலோ காற்றை இரண்டரை டிகிரி சூடாக்க அது போதும். அதனால் மேகத்துக்குள் ஏறுகிற காற்று கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி இழப்பதில்லை, பாதிக்குக் கொஞ்சம் முன்பின் தான் இழக்கிறது. சுற்றியிருப்பதைவிட லேசாகவே இருந்து 12, 15 கிலோமீட்டர் வரைக்கும் போய்விடும். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைப்பக்கம் மூன்று மணிக்குக் காலிஃபிளவர் மாதிரி பொங்குகிற மேகம் இதுதான். "வெப்பச்சலனம் காரணமாகச் சேலம் மாவட்டத்தில் இடியுடன் மழை" என்ற ஒரு வரிச் செய்திக்குள் இவ்வளவும் இருக்கிறது.

மழைக்கு ஐந்து நிமிடம் முன்னால் மண்வாசனையோடு ஒரு குளிர்ந்த காற்று வந்து ஜன்னலை அறையுமே, பாப்பாவிடம் அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். விழுகிற மழைத்துளியில் கொஞ்சம் ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கிறது. துளிகளும் கூடச் சேர்ந்து இழுக்க, கனத்த அந்தக் காற்று தரையில் விழுந்து நாலாபுறமும் ஓடுகிறது. வெப்பச்சலனத்தின் இறங்குகிற பாதி உங்கள் முகத்தில் படுகிற நேரம் அது.

வெள்ளைக்கல் | புதன், இரவு 9.55

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் நிலவியல் படித்தவன், வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் கல் பொறுக்கியே வளர்ந்தவன். காற்றும் தண்ணீரும் செய்வதைப் பாறையும் செய்கிறது.

மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் தெரிகிற வெள்ளை வரிகள் எல்லாம் டுனைட் என்ற கரும்பச்சைப் பாறைக்குள் ஓடுபவை. கரியமில வாயு கலந்த நீர் டுனைட்டை மாற்றி அந்த வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, உண்டாக்கியது. டுனைட்டில் பெரும்பங்கு ஆலிவின் என்ற கனிமம். நம் காலடியில், புவி ஓட்டுக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கிற கவசத்தின் மேல்பகுதியிலும் அதிகமாக இருப்பது அதே ஆலிவின்தான். சிதையாத டுனைட் துண்டை ஒரு கையிலும், அதே அளவு ஏற்காட்டு மலைக்கல்லை மறு கையிலும் வைத்துப் பாருங்கள். மலைக்கல் சார்னோகைட், கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம் அளவு. டுனைட் 3.3. கையே சொல்லிவிடும்.

கவசம் குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது திடப்பாறை. நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் திரவத்துக்குள் போகாது, கவசத்துக்குள் போகின்றன. ஆனாலும் போதிய சூடும் நேரமும் கிடைத்தால் திடப்பாறையும் வளையும், மெல்ல ஓடும். நம்பிக்கை வராவிட்டால் கஞ்சமலைக்குப் போங்கள். அங்கே இரும்புத்தாது அடுக்குகள் மலையைச் சுற்றி மடிந்து வளைந்து கிடக்கின்றன. உருகாமல், பூமியின் ஆழத்தில் இருந்த காலத்தில் திடமாகவே மடிந்தவை.

கணக்கு இதுதான். கவசப்பாறை ஒரு கன மீட்டர் 3,300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு டிகிரி கூடினால் சுமார் 10 கிலோ குறையும். பத்து கிலோ வித்தியாசம், கோடிக்கணக்கான ஆண்டு அவகாசம். சூடான பாறை எழும்புகிறது, குளிர்ந்தது இறங்குகிறது, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்தால் மேலிருந்து அடிவரை போக ஆறு கோடி ஆண்டு. கவசத்துக்குள் இப்படிச் சலனம் இருக்கிறது, கண்டங்கள் நகர அதுதான் காரணம் என்று பிரிட்டிஷ் நிலவியலாளர் ஆர்தர் ஹோம்ஸ் 1928-இல் சொன்னார்.

வாத்தியார் ஐயா சொன்ன கனத்தின் ஆட்சி இங்கே இன்னும் கண்கூடு. கண்டங்களையும் கடலடியையும் சுமக்கிற பூமியின் தட்டுகளை அதிகம் இழுப்பது அடியிலிருந்து எழும்புகிற சூடு அல்ல. கடலடித் தட்டு வயதாகிக் குளிர்ந்து, அடியில் உள்ளதைவிடக் கனமாகி, விளிம்பில் மூழ்குகிறது. மூழ்குகிற பகுதி தனக்குப் பின்னால் இருக்கும் தட்டு முழுவதையும் இழுத்துப் போகிறது. சுமத்ராவுக்கு அடியில் இந்தியப் பெருங்கடல் தட்டு அப்படித்தான் மூழ்குகிறது. 2004 டிசம்பர் 26-இல் நம் கரைக்கு வந்த சுனாமி அந்த இடத்தில் பிறந்தது.

அம்மாபேட்டை சமையல் | வியாழன், காலை 11.02

தம்பி, கெட்டிப் பாயசமே சுற்றாமல் அடிப்பிடிக்கும்போது கல் எப்படிச் சுற்றுகிறது? பூமி அடிப்பிடித்திருக்க வேண்டாமா?

வெள்ளைக்கல் | வியாழன், இரவு 8.44

அக்கா, இதற்குத்தான் 1916-இல் ராலே பிரபு என்ற இயற்பியலாளர் ஒரு கணக்கு போட்டார். தள்ளுவதையும் பிடிப்பதையும் வகுத்து ஒரே எண்ணாகச் சொல்வது. மேலும் கீழும் தட்டு போட்டு மூடிய அடுக்கில் அந்த எண் சுமார் 1,708-ஐத் தாண்டினால் சுற்ற ஆரம்பிக்கும். அதில் பாகுநிலை வகுக்கும், ஆழம் பெருக்கும். ஆழம் ஒருமுறை அல்ல, மூன்றுமுறை பெருக்கும். பாத்திரத்தின் ஆழம் இரட்டித்தால் எண் எட்டு மடங்கு.

உங்கள் பாத்திரம் 10 சென்டிமீட்டர், கவசம் 2,900 கிலோமீட்டர். 2.9 கோடி மடங்கு ஆழம். அதை மூன்றுமுறை பெருக்கினால் 24-க்குப் பின்னால் 21 சுழி. உங்கள் பாயசம் தேன் அளவு கெட்டி என்று வைத்தால், கவசப்பாறை அதைவிட எத்தனை மடங்கு கெட்டி? ஒன்றுக்குப் பின்னால் சுமார் 20 சுழி. ஆழம் அந்தக் கெட்டித்தனத்தை விழுங்கிவிடுகிறது. பாத்திரம் அவ்வளவு பெரியது என்பதால்தான் கரண்டி இல்லாமலே பூமி கிளறப்படுகிறது.

அம்மாபேட்டை சமையல் | வியாழன், இரவு 9.10

ஆழமான பாத்திரம். சரி, இப்போது புரிந்தது.

நாகலூர் தோட்டம் | வெள்ளி, காலை 6.20

மரவனேரி சார், பாப்பாவை மறுபடி அழைத்து வாருங்கள். காற்று அசையாத சாயங்காலம், வானம் தெளிவாக இருக்கும்போது, சரிவில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஊதுபத்தி பிடித்துப் பார்க்கட்டும்.

மரவனேரி அப்பா | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சைக்கிள் டியூபையும் ஜவ்வரிசியையும் செய்து பார்த்தோம். ஏற்காட்டுக் காற்றுதான் லேசு என்ற இடத்தை இரண்டுமுறை படிக்கச் சொன்னாள்.

நேற்று ஏற்காட்டில் சித்தி வீட்டில் தங்கினோம். வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சரிவு. ஐந்தரை மணிக்கு ஊதுபத்தி ஏற்றினாள். புகை மேடும் பள்ளமுமாக அலைந்தது. ஆறேமுக்காலுக்கு மறுபடி ஏற்றினாள். புகை ஒரு சாண் நேராக எழுந்தது, நின்றது, அப்புறம் மடங்கிப் பள்ளத்துப் பக்கம் நழுவியது. நூல் பிடித்த மாதிரி மெல்லிய கோடாக, தரையை ஒட்டியே, மூன்றாவது மரம் வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. பத்தியை இரண்டு ஆள் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். மதில்மேல் ஏறிப் பிடித்தேன், அங்கே புகை எந்தப் பக்கமும் சாயவில்லை. "ஆறின காற்று கீழ ஒரு போர்வை கனம்தான் இருக்குப்பா" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இன்று காலை எட்டரைக்கு, சரிவில் வெயில் விழுந்து அரைமணி நேரம் ஆனதும் அதே இடத்தில் ஏற்றினோம். புகை மேட்டுப் பக்கம் ஏறியது.